பக்கம் பதினொன்று

நீடாமங்கலம் கேட் போட்டால்
ஓர் ஆய்வு முன்மொழிவைப் படித்து முடித்துவிடலாம்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
எஞ்சின் மாற்றும் நாளென்றால் இரண்டு.

முதலாவது, 'உலகமயமாதலும் தமிழ்ச் சமூகமும்.'
அவ்வளவு பெரிய பந்தல்,
அடியில் நிற்க ஓர் ஆள் இல்லை.
எந்த உலகம், எந்தத் தெரு என்று
சிவப்பு மையில் கேட்டு வைத்தேன்.

அடுத்ததில் நூற்றிருபது மேற்கோள்.
எழுதியவர் மட்டும் வாய் திறக்கவில்லை,
பந்தியில் பரிமாறிக்கொண்டே இருந்துவிட்டு
சாப்பிடாமல் வீடு போனவர் மாதிரி.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.
அது என் மாணவனுடையது.

நான்காவது செங்கொடி.
பெயரே ஊரைச் சொல்லிவிடும்,
திருத்துறைப்பூண்டிப் பக்கம்.
தலைப்பு: 'கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாள்.'
பதிவேட்டில்
ஷட்டர் தூக்கிய நாளே வந்த நாள்.
கடைசி வயல்காரருக்கோ
வளை நிரம்பி நண்டு வரப்பேறிய நாள்.
இடையில் பதினேழு நாள்,
சில வருடம் இருபத்து மூன்று.
அந்த நாட்கள் யார் கணக்கில்
என்று கேட்டிருந்தாள்.

பேனாவை மூடினேன்.
உடனே திறந்தேன்.
பிடித்துப்போனதைத்தானே
கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.
பன்னிரண்டு மடைக்கு ஒருத்தி போதுமா?
ஸ்கூட்டி இருக்கிறது என்று அடிக்குறிப்பு.
தண்ணீர் வந்ததை எதைக் கொண்டு அளப்பாய்?
கணுக்கால்.
யாருடைய கணுக்கால்?
என்னுடையது, ஒன்பது சென்டிமீட்டர்.

பக்கம் பத்தில்
கேட் திறந்துவிட்டது.

மன்னார்குடியில் மாடி அறை.
ஃபேன் எங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் புரட்டியது,
மேலே டஸ்டரை வைத்தோம்.
கருதுகோள் எங்கே என்றார் மெஹராஜ் பானு.
திருச்சியிலிருந்து வந்திருந்த ஸ்டீபன்ராஜ்
பக்கோடா எண்ணெய் விரலைத் துடைத்தபடி
எழுத்தளவு பன்னிரண்டா பதினான்கா என்றார்.
என் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
"ஜூன்ல கள ஆய்வுன்னு போட்டிருக்கீங்க.
மேட்டூர் திறக்கலைன்னா?"
கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.
இருபது வருட சர்வீஸ் சாய்கிற விதம் அது.

அவள் எங்களைப் பார்க்கவில்லை,
மேசை விளிம்பைப் பார்த்தாள்.
"பக்கம் பதினொன்னுல இருக்கு, மேடம்."

ஸ்டீபன்ராஜ் புரட்டினார். மெஹராஜ் புரட்டினார்.
நான் தலையை மட்டும் ஆட்டினேன்,
படித்தவள் ஆட்டுவது போலவே.

ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், இயலாது.
முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.
ஆய்வாளரின் தயார்நிலை: பத்துக்கு ஒன்பது.
மதிப்பிடுபவரின் தயார்நிலைக்கு
அந்தப் படிவத்தில் வரி இல்லை.

திரும்பும்போதும் கேட்.
டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார்.
ஜன்னலுக்குள் நீண்ட வெள்ளரிப்பிஞ்சுத் தட்டை
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
பதினொன்றை எடுத்தேன்.
ஒரே ஓர் அட்டவணை.
தேதி, மடை எண், நீர் உயரம்.
நான்காவது கட்டத்தின் தலைப்பு 'வரவில்லை.'
கீழே இரண்டு வாக்கியம்:
தண்ணீர் வராத நாட்களிலும்
பன்னிரண்டு மடைக்கும் போவேன்.
நான் போகாத நாள் இருந்தால் அதையும் எழுதுவேன்.

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
பென்சிலால், அழித்துக்கொள்ள வசதியாக, எழுதினேன்:
செலவுத் திட்டத்தில்
பெட்ரோலைச் சேர்க்கவில்லையே.