பதினொரு படிகள்

ஏஞ்சல் தீவு, 1939.
மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்.
இந்தப்பக்கம் என் அப்பா, வயது பதினாறு.

வீட்டு வாசலுக்கு எத்தனை படி?
பதினொன்று.
கிணறு எந்தத் திசை?
கிழக்கு. வாளிக்கயிறு
போன மழையில் அறுந்துபோனது.

அந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை.
சீனர்களுக்குக் கதவடைத்த நாட்டுக்குள்
விலைக்கு வாங்கிய ஒரு பெயரோடு
சேர்ந்து வந்த வீடு அது.
விடைத்தாளைக் கப்பலில் நெட்டுருப்போட்டு
ஹொனலுலு தாண்டியதும் கிழித்துக் கடலில் விட்டார்.
அறுந்த கயிறு மட்டும்
அவர் சொந்தச் சரக்கு.

ஓக்லண்டில் நாற்பது வருடம்
மோக் விங் ஃபூன் சலவைக்கடை.
கல்லறைக்குப் போய்த்தான்
ஸீத்தோ ஆனார்.

இன்று குடியேற்ற அலுவலகத்தில்
நான் மொழிபெயர்ப்பாளர்.
எதிரே கைப்பிங்கிலிருந்து வந்த பெண்,
மருத்துவமனையில் இரவு வேலை.
கணவரின் பல்துலக்கி என்ன நிறம்?
கட்டிலில் எந்தப்பக்கம் படுப்பார்?

அவள் யோசிக்கிறாள்.
அவள் திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார்,
கட்டில் முழுதும் காலி.

'தயங்கினாள்' என்று
அதிகாரி எழுதுவது
தலைகீழாகத் தெரிகிறது எனக்கு.

அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்,
நாம் குடியிருக்கும் இந்த வீட்டுக்கு
எத்தனை படி என்று.

சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்:
அதை யார் எண்ணினார்கள்?