நீர்நிலைப் புறம்போக்கு

கோட்டையூர் ரயில்வே கேட்டில்
ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில்
முழங்கையில்தான் அடி.
எதற்கும் தலையை ஒருதடவை பார்த்துவிடலாம் என்றார்கள்.

அந்த 'எதற்கும்'தான்
இந்தப் பழுப்பு உறைக்குள் இருக்கிறது.
உமையாள், 41, பெண்.
செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டரில்
உறையை நீட்டிய பெண்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
சில்லறையை மட்டும் இரண்டுதடவை எண்ணினாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே
ஃபிலிமை வெயிலுக்குக் காட்டினேன்.
பதினேழு வருஷமாகப் புலப்படம் பார்க்கிற கண்.
எது வரப்பு, எது வாய்க்கால்,
எந்தக் கல் பிடுங்கி நடப்பட்டது,
அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்.
இதில் வடக்கு எதுவென்றே தெரியவில்லை.
படத்தின் வலப்பக்கம்
என் இடப்பக்கமாம், பிறகுதான் சொன்னார்கள்.

இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு.
கரை வழவழப்பாக,
ஊருணிக்கு ஊர் ஒதுங்கி வழிவிட்டதுபோல.

ரிப்போர்ட்டில் இருந்த ஆங்கில வார்த்தையைப்
போனில் தட்டிப் பார்த்து
வைரவன் 'கட்டி' என்றார்.
அதன்பிறகு இரண்டு நாள்
வீட்டில் யாரும் மிக்ஸி போடவில்லை.
தேவகோட்டையிலிருந்து நாத்தனார்
குன்றக்குடிக்கு முடி நேர்ந்துகொண்டாள்,
என் முடியை.
மகன் மட்டும் கேட்டான்,
'அதுல மீன் இருக்குமாம்மா?'

வியாழக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து வருகிற
டாக்டர் ஜெபசிங்
(டோக்கன் முப்பத்தெட்டு, ராத்திரி ஒன்பதரை)
பேனா மூடியால் அதன் கரையைச் சுற்றி வந்தார்.
கட்டி இல்லைம்மா, நீர்.
மூளையைச் சுற்றி ஓடுகிற அதே நீர்தான்.
மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கிறது,
அது இரண்டாகப் பிரிந்த இடத்தில் தேங்கியிருக்கிறது.
நீங்கள் பிறக்கும் முன்பே.
பெரும்பாலும் வளராது.
பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.
தலைவலி கூடிக்கொண்டே போனால்,
வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல் என்றால்
உடனே வாருங்கள்.
இல்லையென்றால் அடுத்த வருஷம் இன்னொரு படம்.

'பெரும்பாலும்' என்று நான்
எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.
எழுதினால் தாசில்தார் திருப்பி அனுப்புவார்.

பிறக்கும் முன்பே.
கடைசி பஸ்ஸில் அந்த இரண்டு சொல்லோடு
உட்கார்ந்திருந்தேன்.
பதினாறாம் வாய்ப்பாடு வராமல் அடிவாங்கியபோது இருந்திருக்கிறது.
குரூப் ஃபோர் எழுதியபோது.
வைரவனைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று
மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தபோது.
நான்காம் நாள் சாப்பிட்டபோதும்.
இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர்,
ஒரு மனுவும் போடாமல்.

ஆக்கிரமிப்பு வழக்கு வந்தால்
நாங்கள் முதலில் பார்ப்பது பழைய பதிவேட்டை.
நீர் முதலா, வீடு முதலா?
நீர் முதல் என்றால்
அங்கே ஒருவருக்கும் பட்டா கிடையாது.
அப்படிப் பார்த்தால்
வந்து குடியேறினது
நான்.

இதைச் சொன்னேன். வைரவன் சிரிக்கவில்லை.
நான் தூங்கிவிட்டதாக நினைத்து
தலையணையின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவைத்தார்,
தளும்பிவிடும் என்பதுபோல.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
சாவியை வைத்த இடம் மறந்தால்
'அதுவோ' என்று ஒரு நொடி.
பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் வராமல்
நாக்கில் நின்றபோது
அரை மணிநேரம்.

இன்று புதுவயலில் உட்பிரிவு.
அண்ணன் தம்பி, நடுவில் ஒரு வேப்பமரம்,
அரை மீட்டருக்கு அடிதடி.
சோலைமலை டேப்பின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார்.
தொய்யுது, இன்னும் இழுங்க என்றேன்.
கல் கிடைத்தது, கருவேலம்புதருக்கு அடியில்,
தம்பி சொன்ன இடத்திலும் இல்லை
அண்ணன் சொன்ன இடத்திலும் இல்லை.

பதினொன்றே கால்வரை
எனக்கு அது ஞாபகமே வரவில்லை.
ஞாபகம் இருக்கிற இடத்துக்குப்
பக்கத்தில்தான் அது இருக்கிறதாம்.