வாட்டம்

அடிவாரம் செக்போஸ்ட், ஐந்தே முக்கால்.
மார்கழி இன்னும் கண் திறக்கவில்லை.
டீக்கடைச் சுவரில் சாய்ந்திருக்கும் நான்கு சைக்கிள்கள்,
நான்கு வாய்கள், நான்கு வானிலை அறிக்கைகள்.

"மேலே பதினொண்ணு காட்டுது" என்கிறான் ஜெரால்டு.
"அது நேத்து. இன்னிக்கு ஒம்போது" என்கிறான் முபாரக்.
கையுறை வாங்கச் சோம்பி
கைகளில் காலுறை மாட்டி வந்திருக்கும் திருமாறன்
மே மாதம் நாற்பத்தொன்றில் மிதித்த கதையைச் சொல்லி
அதில் குளிர்காய்கிறான்.

எனக்குச் சூரமங்கலத்தில் பல் ஆஸ்பத்திரி வேலை.
ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் குனிந்துவிட்டு
ஏழாம் நாள் இந்த வாய்களைக் கேட்க வருகிறேன்.
டயரில் காற்று இருபதா, இருபத்திரண்டா,
பனி பட்டால் பிரேக் ஏன் மயில் போல் அகவுகிறது,
போன வாரம் வேரில் வழுக்கியது யார் தப்பு.
வேரின் தப்புதான்
என்று ஒருமனதாய்த் தீர்மானம்.

ஒன்பதாம் கொண்டை ஊசி வரை பேச்சு கூட வரும்.
அதற்கு மேல் மூச்சு மட்டும்.
திரும்பிப் பார்த்தால் கீழே சேலம்,
ஊறப்போட்ட ஜவ்வரிசி மாதிரி
வெளுத்து, மங்கி,
எது வீடு எது விளக்கு என்று பிரியாமல்.

எஸ்டேட்டுக்குப் பின்னால்தான் எங்கள் தடம்.
ஐப்பசி மழை அரித்துப் போனதை
மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு
நாலு ஞாயிறு வெட்டினோம்.
முதுகுப் பையில் மண்வெட்டித் தலை,
கம்பிக்குக் கம்பி கட்டிய கடப்பாரை.
வளைவின் வெளிப்பக்கம் மண்ணை அணைபோல் உயர்த்தி,
வேகமாய் வரும் சக்கரம் சாய்ந்து திரும்ப
தட்டித் தட்டி வழவழப்பாக்கி,
போன வாரம்
ஆளுக்கொரு தட்டுவடை செட் தின்று கொண்டாடினோம்.

இன்று அந்த அணையில்
மூன்று படிகள்.

யாரோ நடுவில் வெட்டியிருந்தார்கள்.
விளிம்புக்குக் கல் கூட வைத்து.
திருமாறன் மரங்களைப் பார்த்துக் கத்தினான்.
சில்வர் ஓக் மரங்கள் பதில் சொல்லவில்லை.
மிளகுக் கொடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்
காப்பிப் பழ மூட்டையோடு வந்தாள்.
பழ சீசனில் ஞாயிறு கிடையாது.

"நாந்தான் வெட்டுனேன்" என்றாள் வெள்ளச்சி.
"எங்க தடத்த வழவழன்னு பூசி வெச்சிட்டீங்க.
முப்பது கிலோவத் தூக்கிட்டு
கால எங்க வெக்கிறது?"

எங்க தடம்.
நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்,
நாலு ஞாயிறாக.
அவள் காலில் செருப்புகூட இல்லை.
திருமாறன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

டைல்ஸ் கான்ட்ராக்ட் எடுக்கும் முபாரக்
அவளையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.
படியருகே குந்தினான்.
"சண்டைய அப்புறம் போடுங்க. இதுல வாட்டம் பத்தல.
தண்ணி நிக்கும்.
ஒரே மழையில படியும் போயிடும், அணையும் போயிடும்."

பாட்டிலைக் கவிழ்த்தான்.
தண்ணீர் முதல் படியில் தயங்கியது,
வட்டமாய் விரிந்தது,
ஒரு காப்பி இலையைத் தூக்கிப் பார்த்தது,
எங்கும் போகவில்லை.
மூட்டையை இறக்கிவிட்டு வெள்ளச்சியும் குந்தினாள்.
ஐந்து தலைகள், ஒரு குட்டை.

"அந்தப் பக்கம் பாறை இருக்குது" என்றாள்,
"இந்தப் பக்கம் இழுக்கணும்."
ஜெரால்டு வெட்டத் தொடங்கினான்.
இரண்டு வெட்டு பார்த்தாள்,
மூன்றாவதற்குள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அணை அரை ஆள் தள்ளிப் போனது.
படிகள் மரப்பக்கம் ஒதுங்கின.
நடுவே ஒரு சாண் வாய்க்கால்.
சண்டையும் நடந்தது, நடக்காமல் இல்லை.
வளைவு இப்போது இறுக்கம் என்றான் திருமாறன்,
மெதுவா வா என்றாள்.
அன்று யாரும் சைக்கிளில் இறங்கவில்லை.
தள்ளிக்கொண்டே வந்தோம்,
ஈர மண்ணில் தடம் பதியக் கூடாதென்று.

அதற்கு முன்,
பனி விலகி வெயில் முதுகில் விழுந்தபோது,
ஜெரால்டு போனைப் பார்த்துச் சொன்னான்:
"இப்ப பதினாலு."

மூட்டையைத் தலைக்கு ஏற்றியபடி
வெள்ளச்சி கேட்டாள்:
"எதுல பதினாலு?"