மற்றவை

எப்சிபா அக்கா நாளைக் காலை பத்தரைக்கு வருகிறார்.
அறிக்கை இன்றிரவே தயாராக வேண்டும்.
சத்துவாச்சாரி, மருந்துக்கடைக்கு மேல் மாடி,
மே மாதம், கரண்ட் இல்லை,
யுபிஎஸ் நிமிடத்துக்கொரு முறை என்னைத் திட்டுகிறது.

வயது அறுபது. செவிலியர். முப்பத்தாறு வருடம்,
பாதிக்கு மேல் நைட் டியூட்டி.
பி.எஃப்., கிராஜுவிட்டி, முதிர்ந்த பாலிசி ஒன்று,
கூட்டினால் நாற்பத்தெட்டு லட்சம்.
மாதம் பதினெட்டாயிரம் எடுக்கக் கேட்கிறார்.
விலைவாசி ஆறு சதவீதம் என்று அடித்தேன்,
தக்காளிக்குத் தெரியாமல்.

அடுத்த கட்டம் சிவப்பு நட்சத்திரத்தோடு நின்றது:
எத்தனை வயது வரை?
காலியாக விட்டால் மென்பொருள் நகராது.
போன் போட்டேன்.
"எண்பத்தஞ்சுன்னு போடட்டுமாக்கா?"
"இன்னாத்துக்கு? எதுனா ரிப்போர்ட் பாத்தியா?"
அங்கே குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கியது.
"போட்டுக்கோ. ஐசியூ வாசல்ல நாங்களும்
இப்படித்தான் ஒரு நம்பர் சொல்லுவோம்."

பொத்தானை அழுத்தினேன்.
ஆயிரம் எப்சிபாக்களை உண்டாக்கி
ஆயிரம் சந்தைகளில் அலையவிட்டு
எட்டே நொடியில் திருப்பி அழைத்து வந்தது.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்
பணம் தீரும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.
அது பச்சை நிறம். அதன் பெயர் வெற்றி.

மீதி நூற்று எண்பத்தெட்டு.
ஒருத்தி எழுபத்தொன்பதில் தொரப்பாடி வீட்டை விற்கிறாள்.
ஒருத்தி பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைக்கிறாள்,
அப்படிச் செய்யாதே என்று
எத்தனை பேரை அதட்டியிருப்பாள்.
திரையில் அவர்களுக்கு முகமில்லை,
கீழே வளையும் சிவப்புக் கோடுகள்தான்.
பதினெட்டைப் பதினாறரை ஆக்கினேன்.
தொண்ணூற்றாறு பேர் ஆனார்கள்.
மற்ற தொண்ணூற்று இரண்டு பேரும்
ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில்
சத்தமில்லாமல் பிழைத்துக்கொண்டார்கள்.

பத்து இருபதுக்கே வந்துவிட்டார், பாகாயம் பஸ்ஸில்.
குடையைக் கதவில் மாட்டினார்.
நான் விகிதம் என்றேன், வரிசை என்றேன்,
பாலாற்று மணலை லாரி அள்ளினாற்போல
அள்ளக்கூடாது என்றேன்.
"சலைன்தானேப்பா? நிமிசத்துக்கு எத்தினி சொட்டு,
விடியறவரைக்கும் பாட்டில் தாங்குமா,
அதானே கேக்கற?"
பதினோரு ஸ்லைடு வைத்திருந்தேன்.
மடிக்கணினியைக் கொஞ்சம் சாய்த்தேன்.

"மொத வருசம் மட்டும் ஒரு லட்சம் தனியா வேணும்."
எதற்கு என்று மென்பொருள் கேட்டது, நான் இல்லை.
கல்யாணம், வீடு, கல்வி, மருத்துவம், சுற்றுலா.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
பட்டியல் முழுவதும் படித்தார்.
"இதுல இல்ல."
கடைசியில் இருந்த 'மற்றவை'யைத் தொட்டேன்.
தொண்ணூற்றாறு, நூற்றெட்டு ஆனது.
"நூத்தியெட்டா!" என்று அவர்தான் முதலில் சிரித்தார்.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

முப்பத்து நான்கு பக்கம். எல்லாவற்றிலும் கையெழுத்து.
பதினேழாம் பக்கத்தை மட்டும் பின்னைக் கழற்றி உருவினார்,
சிவப்புக் கோடுகள் விழும் பக்கம்.
"மத்தத நீயே வச்சிக்கோ.
ராத்திரியில இவங்கதான் கூப்புடுவாங்க."
நாலாக மடித்து, சில்லறைப் பையில் வைத்து,
குடையை எடுக்க மறந்து இறங்கிப் போனார்.

கரண்ட் வந்தது.
விசிறிக் காற்றில் மீதிப் பக்கங்கள் புரள,
சேமிக்கவா என்று கேட்கிறது திரை.
குடையோடு நான் படிக்கட்டில் ஓடுகிறேன்.