ஒரு மீற்றர் அகலம்

ஞாயிறு ஆறரைக்கு வீரையடிக் குளக்கட்டில்
பதினொரு பேர் என்று இடாப்பில் எழுதுகிறேன்.
பன்னிரண்டாவது ஆள் அற்புதநேசன்,
தன் ஓட்டோவுக்குள் நித்திரை.
அவரையும் எழுதுகிறேன்.
உரப்பைகளும் பிளேன்ரீப் போத்தலும் அவருடையவை.

மழை பெய்து மூன்று நாள்.
மண் இளகிக் கிடக்கும் இந்தக் கிழமைதான்
பார்த்தீனியம் வேரோடு வரும்.
விட்டால் பூத்துவிடும்.
வெள்ளைப் பொடிப்பூ, பார்க்க அழகுதான்,
கலியாண மாலைக்கு இடையில் கட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது.
பட்டி மாட்டின் பாலில் கைப்பாக இறங்கும்.
ஜெயசீலியின் முழங்கையில் தடிப்பாக எழும்பும்.
டிலக்சனுக்கு ஒன்பது தும்மல்,
எண்ணிச் சொல்வான்.

நாங்கள் கூட்டமாய்ப் புகுந்து இழுக்கிற ஆட்கள்,
பகிடி விட்டபடி,
யாருடைய வேர் நீளம் என்று தூக்கிக் காட்டியபடி.
சுகிர்தமலர் நாலு தடி ஊன்றி நூல் கட்டுவாள்.
ஒரு மீற்றர் அகலம்.
முழங்காலில் இருந்து, இடப்பக்கம் தொடங்கி,
விரல் நுனியால் மண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் பிடுங்குவாள்.
நாங்கள் வாய்க்கால் வரை போய்த் திரும்பும்போது
ஒரு பாயளவு நகர்ந்திருப்பாள்.

'அக்கா, இது வெடிக்காது' என்றான் டிலக்சன்.
சிரித்தாள்.
நூலை அவிழ்க்கவில்லை.

ஒன்பது வருடம் அவள் சம்பளத்துக்குச் செய்த வேலை,
இதே கட்டின் கீழ்,
முகக்கவசத்துக்குள் வேர்வை சொட்ட.
மண்ணைத் தொட முதல்
மேலே நின்றதெல்லாம் கத்தரிக்க வேண்டுமாம்:
புல், நாயுண்ணி, காயாப் பற்றை, வீரைக் கன்று.
வேறு வழியில்லை.
வெறும் மண்ணாய் ஒப்படைத்தார்கள்.
கையெழுத்து, முத்திரை, இனி ஆபத்தில்லை.
அந்த வெறும் மண்ணில்தான்
இது முதலில் வந்து குந்தியது.
தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்,
சீனி காணாது என்று சொல்கிற குரலில்.

பாலைக் கன்றுகளின் கதை வேறு.
போன பழக்காலத்தில் டிலக்சன்
ஒரு ஷொப்பிங் பையோடு காட்டுக்கரைக்குப் போய்
கரடிப் பீ பொறுக்கி வந்தான்.
கரடி வயிற்றில் ஊறிய கொட்டைதான் முளைக்குமென்று
எங்கேயோ கேட்டிருக்கிறான்.
பை அற்புதநேசனின் சீற்றுக்கடியில் இரண்டு நாள்.
அந்தச் சண்டையை நான் இடாப்பில் எழுதவில்லை.
முளைத்தவை நாற்பத்து மூன்று.
மாரியில் நட்டோம்.
தையில் ஒரு தனியன் யானை
எங்கள் முள்ளுக்கம்பியை நூலென்று நினைத்து நடந்துபோனது.
அது அதன் பாதை, எங்களுக்கு முதலே.
மிச்சம் பதினாலு. ஒரு வருடத்தில் ஒரு சாண்.
பாலை யாருக்காகவும் அவசரப்படாது.

இன்று பத்து மணியிருக்கும்.
சுகிர்தமலர் கையை உயர்த்தினாள்.
எல்லோரும் நின்றோம்,
தூக்கிய காலைத் தூக்கியபடி.
அந்தக் கை என்ன சொல்கிறதென்று
இந்த ஊரில் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

நூலுக்குள்,
பார்த்தீனியத்தின் நிழலில்,
இரண்டு பளபளத்த இலை.
வீரை.
நாங்கள் நடாதது.
அன்று கத்தரித்ததன் அடிவேரோ
குருவி போட்ட கொட்டையோ,
'தெரியாது' என்றாள்.
நாலு தடியையும் பிடுங்கி
அதைச் சுற்றி ஊன்றினாள்.
டிலக்சன் காலை மெதுவாக
வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

வெயில் ஏற, பூக்கத் தொடங்கியதைத் தனியே கட்டினோம்.
ஒன்பது பை.
விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கண்மூடிக் கிடக்கும் என்று
விவசாயப் போதனாசிரியர் சொல்லியிருக்கிறார்.
இதற்கு ஒப்படைக்கிற நாள் கிடையாது.
இடாப்பின் கடைசி நிரலுக்கு
'முடிவுற்றது' என்று நான்தான் தலைப்புப் போட்டேன்,
முதல் வாரம், ஒன்றும் தெரியாமல்.
அதை வெட்டிவிட்டு
அடுத்த ஞாயிறின் திகதியை எழுதுகிறேன்.

ஓட்டோ ஸ்ராட் வரவில்லை.
அற்புதநேசன் உள்ளேயிருந்து கத்த,
பதினொரு பேரும் தள்ளுகிறோம்.