பெட்டிக்கு சீட் பெல்ட்

அறுபத்து மூவர் அந்தச் சபையில்.
நாயன்மார் யாரும் இல்லை.
நான்கில் மூன்று பங்கு கை உயர வேண்டும்
என்கிறது ஐஸ்லாந்தின் சாசனம்.
நாற்பத்தெட்டு தேவைப்பட்டது,
நாற்பத்தொன்பது உயர்ந்தது.

அன்றிரவே
ஜனாதிபதியின் கையெழுத்து வெறும் கிறுக்கலாயிற்று.
பிரதமர், சபாநாயகர், தலைமை நீதிபதி என்று
ஒரே பேனாவை மூவர் பிடித்தார்கள்.
ஆனால் எறிந்த கல் இன்னும் விழவில்லை.
இரண்டு மாதத்துக்குள் ஊரைக் கேட்க வேண்டும்.
போகட்டும் என்றால் அவர் போவார்.
இருக்கட்டும் என்றால் சபை கலையும்:
கை தூக்கியவர், தூக்காதவர்,
தூக்குவதற்குள் இருமல் வந்தவர்
எல்லோருக்கும் வீடு.

பூவா தலையா போட
இந்த நாட்டுக் காசில் தலைவர் எவர் முகமும் இல்லை.
மீன்தான்.

ஹால்பெராவின் கணக்கு சின்னது.
வாக்காளர் நூற்றுப் பன்னிரண்டு.
பென்சில் ஆறு, சீவியது ஐந்து.
பள்ளிக்கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை.

மூன்றேகாலுக்கு
மழையும் பனியும் சாய்ந்து அடிக்கையில் அவர் வந்தார்.
சொந்த ஊர் விலாசத்தை மாற்றியதே இல்லை.
மீன் ஆலை க்ரீமுருக்குப் பின்னால் நின்றார்.
யாரும் வழிவிடவில்லை.
முறைக்கவும் இல்லை.
க்ரீமுர் மட்டும் கம்பளித் தொப்பியைக் கழற்றி
உதறிவிட்டு
மறுபடி போட்டுக்கொண்டான்.

"அட்டை?"
"ஹால்பெரா, நான்..."
"தெரியும். அட்டை?"

கோட்டுப் பைகளைத் தடவினார்.
காரில் இருந்தது.
போனார்.
திரும்பி வந்தபோது
நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.
அவள் பெயரைத் தேடி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள்.
அளவுகோல் எல்லோருக்கும்தான்.

திரைக்குப் பின்னே நெடுநேரம்.
பிறகு முனை ஒடியும் சத்தம்.
ஹால்பெரா ஆறாவது பென்சிலை எடுத்துச் சீவினாள்,
அவசரப்படாமல்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
திரைக்கு மேலே நீட்டினாள்.
ஒரு கை வாங்கிக்கொண்டது.

இரவு பத்துக்கு முத்திரை.
பெட்டியை முன் சீட்டில் வைத்தாள்.
எண்ணும் இடம் மலைக்கு அப்பால்,
இரண்டு மணி நேரம்.
சாவியைத் திருப்பியதும் கார் கீச்சிட்டது:
சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறதாம்,
பெல்ட் போடவில்லையாம்.

போட்டுவிட்டாள்.