மூன்றாவது ஸ்டேட்டர்

முதலாவது எரிந்தது ஆறாயிரம் கிலோமீட்டரில்.
மூடியைக் கழற்றியதும் முகத்தில் அடித்தது
கருகிய வார்னிஷ் வாடை.
பதினெட்டுச் சுருளில் ஐந்து கரி.
ஐந்தும் ஒரே பக்கம், எண்ணெய் எட்டாத மேல்பக்கம்.
படிவத்தில் 'தயாரிப்புக் குறை' என்று எழுதினேன்.
ஆக்லாந்திலிருந்து மறுபேச்சில்லாமல் புதிது வந்தது.

இரண்டாவதற்குப் படம் கேட்டார்கள்.
வண்டியோடு சேர்த்து எடுத்து அனுப்பினேன், மடையன்.
படத்தின் ஓரத்தில் கைப்பிடி தெரிந்தது.

ரேவின் டிபேனேவுக்கு இடக்கையில் மூன்று விரல்.
மீதி இரண்டை இறைச்சி ஆலையின் பட்டை ரம்பம்
ஒரு ஜூலை மாத இரவு ஷிப்டில் வாங்கிக்கொண்டது.
மூன்றை வைத்துக் கிளட்ச் பிடித்தால்
பிளஃப் போய்ச் சேருமுன் கை மரத்துவிடும்.
கட்டைவிரலால் அழுத்த ஒரு நெம்புகோல் கடைந்தேன்.
கைப்பிடியை நாலு அங்குலம் தூக்கி வைத்தேன்.
சனிக்கிழமை வேலை.
கூலி, நாலு டஜன் சிப்பி. பில் போடவில்லை.

மூன்றாவதற்குக் கடிதம்தான் வந்தது.
'வாகனத்தில் அங்கீகாரமற்ற மாற்றங்கள் உள்ளன.
ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

ஆகவே.

அந்தச் சொல்லைத் தேடி வண்டியைப் பிரித்தேன்.
காயிலில் கிளம்பும் வயரை
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
அது கைப்பிடிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.
டேங்க் இருந்தது, சேஸ் இருந்தது,
கறுப்பு டேப் சுற்றிய என் கைவேலை
கீறலில்லாமல் இருந்தது.
ஆகவே எங்கும் இல்லை.

இந்தத் தென்கோடியில் நாங்கள் ர-வை உருட்டித்தான் பேசுவோம்.
ரேவின் 'வாரன்டி' என்றால் நடுவில் ஒரு எஞ்சின் ஓடும்.
'வழக்குப் போட்டாச்சு. சாட்சிக்கு நீ வா.'

'பார்த்ததை மட்டும் சொல்,' என்றார் மர்டாக்,
என் முதலாளி, அதே கம்பெனியின் போர்டு மாட்டியவர்.
'நினைப்பதைச் சொல்லாதே. அதற்கு உனக்குச் சம்பளம் இல்லை.'

விசாரணை எஸ்க் தெரு ஓட்டலின் பின் அறையில்.
முந்தின இரவுக் கல்யாணத்தின் பலூன் ஒன்று
கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.
கம்பெனிப் பொறியாளர் சுவரில் வண்ணப் படம் காட்டினார்:
உயர்ந்த கைப்பிடி, இழுபட்ட வயர், சூடு, சிவப்பு அம்புக்குறி.
ஆடத் தெரியாத சுருளுக்குக் கூடம் கோணல்.
நடுவர் லெயோட்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
என்னிடம் கேட்டார்:
'மாற்றமே செய்யாத வண்டியில் இப்படிப் பார்த்ததுண்டா?'

மர்டாக் பலூனைப் பார்த்தார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.
துணியில் சுற்றி ஒரு ஸ்டேட்டர்.
மாட்டு டாக்டர் ஒருவரின் வண்டி,
கண்ணாடியில் ஷோரூம் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காதது.
மே மாதம் நான் கழற்றியது.
குப்பையில் போடச் சொன்னது.
ரேவினுடையதன் பக்கத்தில் வைத்தேன்.
பதினெட்டில் ஐந்து. அதே பக்கம்.
பார்த்ததை மட்டும் சொன்னேன்.

பொறியாளர் அம்புக்குறியை அணைத்தார்.

ஜெயித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.
நாலாவது ஸ்டேட்டர் கூரியரில் வந்தது,
அதே பாக எண், ஒரு புள்ளிகூட மாறாமல்.
மர்டாக் இப்போதெல்லாம்
சீட்டெழுதித்தான் என்னோடு பேசுகிறார்.

'இதுவும் எரியுமா?' என்றாள் ரேவின்.
எரியும்.
'எப்போது?'

அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை
அவள் கைப்பிடியில், நெம்புகோலுக்கு அருகே,
சின்னதாய் ஒரு வோல்ட்மீட்டர் பொருத்தினேன்.
முள் பதின்மூன்றுக்குக் கீழே இறங்கினால்
எங்கிருந்தாலும் வண்டியைத் திருப்பு.

அங்கீகாரமற்ற மாற்றம்தான், அதுவும்.
ஆகவே
பில் போடவில்லை.